பழைய எஃகுச் சிலிண்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்

போன வருடம் உவரியிலிருந்து ஒரு தம்பி, மீன் பெட்டிகளுக்கு நடுவே சணல் சாக்கில் சுற்றிய, கடலுக்குள் மூச்சு விட முதுகில் கட்டிக்கொள்ளும் ஸ்கூபா சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து தூத்துக்குடியில் என் பட்டறை வாசலில் இறக்கினான். அவனுடைய தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து, சில வருடங்கள் கடலில் இறங்கிப் பார்த்திருக்கிறார். வயதானதும் அதைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டார். தோள்பட்டையில் ‘3ஏஏ 2250’ என்று பொறித்திருந்தது. வெளியே துத்தநாகப் பூச்சு சாம்பல் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. “அண்ணாச்சி, ஒரு கீறல்கூட இல்லை பாருங்கள். காற்று மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும்” என்றான்.

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்குத் தெரியும், நல்ல கல் தட்டியதும் பாடும். ஓசை சிறிது நேரம் நின்று அடங்கும். நல்ல எஃகுச் சிலிண்டரும் மணி போல ஒலிக்கும். இதுவோ ஈர மண்பானையைத் தட்டியது போல ‘தொக்’ என்று ஒரே அடியோடு நின்றுவிட்டது. வால்வை மெல்லத் திறந்து, இருந்த கொஞ்சக் காற்றையும் வெளியேற்றி, வால்வைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்தேன். கடுங்காப்பி நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. கம்பி நுனியில் சிறு பல்பைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தோம். மற்ற இடமெல்லாம் இளஞ்செம்மண் பூசியது போல மெல்லிய துரு. ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழ்வரை நான்கு விரல் அகலத்தில் கறுத்துத் தடித்த ஒரு பட்டை. கட்டிலுக்கு அடியில் எந்தப் பக்கம் தரையைப் பார்த்துக் கிடந்ததோ அந்தப் பக்கம்.

அதற்குக் காற்று அடிக்க முடியாது என்று சொன்னபோது தம்பியின் முகம் வாடிவிட்டது. தாத்தாவின் பொருள் அல்லவா. அவன் சம்மதத்தோடு அதை நீளவாக்கில் அறுத்தேன். ஒரு பாதியை அவன் எடுத்துக்கொண்டான். இன்னொரு பாதி என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. பழைய எஃகுச் சிலிண்டர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் அந்தப் பாதிச் சிலிண்டரிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். ஊரில் எல்லாரும் இதை ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். உள்ளே இருப்பது வெறும் ஆக்சிஜன் இல்லை. நாம் மூச்சு விடும் அதே காற்று, அழுத்தி அடைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியாக மூச்சு விடுவது வேறு ஏற்பாடு. நான் சொல்வது முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் சிலிண்டரைப் பற்றி.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் நீருக்கடியில் தானாக மூச்சுக் காற்று தரும் கருவியை உருவாக்கியதிலிருந்து, 1970களில் அலுமினியச் சிலிண்டர்கள் பரவும் வரை, முக்குளிப்பவர்களின் முதுகில் இருந்தது பெரும்பாலும் எஃகுதான். அந்தக் காலத்து அமெரிக்கச் சிலிண்டர்களில் அதிகம் புழங்கியது ‘72’ என்று அழைக்கப்பட்ட அளவு. உள்ளே ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சுவரின் கனம் சுமார் 4 மில்லிமீட்டர். தம்பியின் சிலிண்டரில் பொறித்திருந்த 3ஏஏ என்பது அமெரிக்க எஃகுச் சிலிண்டர் வகை ஒன்றின் பெயர். 2250 என்ற எண் அழுத்தத்தைக் குறிப்பது, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று. ‘பார்’ என்ற அலகில் 155; நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். கூட்டல் குறி பொறித்தவற்றில் பத்து சதவீதம் கூடுதலாக, 170 பார் வரை அடிக்கலாம். அப்படி அடித்தால் 12 லிட்டர் இடத்துக்குள் இரண்டாயிரம் லிட்டர் காற்று உட்கார்ந்திருக்கும். உள்சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 170 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை. நான்கு மில்லிமீட்டர் எஃகு அதைத் தாங்குகிறது, பல பத்தாண்டுகள் தாங்குகிறது, உள்ளே துரு ஏறாதவரை.

துரு என்பது என்ன? இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் கூடினால் பிறப்பது. திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போனால் குதிரைமொழித் தேரி செக்கச்செவேலென்று விரிந்து கிடக்கிறதே, அந்த மணலுக்கு நிறம் கொடுப்பதும் ஆக்சிஜனோடு கூடிய இரும்புதான். ஒவ்வொரு மணலின் மேலும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. இரும்புக்குச் சேர இடம் கிடைத்தால் ஆக்சிஜனோடுதான் சேரும். அது அதன் இயல்பு. நம் வேலை அந்தச் சேர்க்கைக்குத் தண்ணீர் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. சிலிண்டரே இரும்பு, அதை மாற்ற முடியாது. உள்ளே மூச்சுக் காற்று வேண்டும், ஆக்சிஜனை எடுக்க முடியாது. மூன்றில் நம் கைக்கு அகப்படுவது தண்ணீர் ஒன்றுதான். பழைய சிலிண்டரைக் காப்பாற்றும் கலை முழுவதும் அந்தத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான். சிலிண்டரின் வயதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. ஐம்பது வயதுச் சிலிண்டர் உள்ளே பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டே வருடத்தில் கெட்டதையும் பார்த்திருக்கிறேன்.

வாசலில் கிடக்கும் மண்வெட்டியும் துருப்பிடிக்கத்தான் செய்கிறது, சிலிண்டருக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் 0.21 பார். 170 பார் அடைத்த சிலிண்டருக்குள் அது 36 பார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால், அந்தச் சொட்டில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் வெளியே இருக்கும் சொட்டில் இருப்பதைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேல். மண்வெட்டியில் மழைக்காலம் முழுக்க நடக்கும் வேலை இங்கே சில நாளில் நடந்துவிடும். அதோடு நம் வெயில். வேதிவினைகள் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமெடுக்கும் என்பது பொதுவான கணக்கு. சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் சிலிண்டரையும் குளிர் நாட்டு நிலவறையில் நிற்கும் சிலிண்டரையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

அந்தத் தண்ணீர் கடல்நீராக இருந்தால் கதையே வேறு. நல்ல தண்ணீர் பட்ட துரு பரப்பு முழுவதும் மெல்லப் பரவும். உப்புத் தண்ணீர் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு குடைந்து இறங்கும். பல் சொத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, உள்ளே குகை. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் குழிக்குள் போய்ச் சேரச் சேர, குழிக்குள் இருக்கும் நீர் அமிலமாக மாறுகிறது. அமிலம் இரும்பை மேலும் கரைக்கிறது. கரைந்த இரும்பு மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. குழி தன்னைத் தானே தோண்டிக்கொள்ளும். சுவரில் தொங்கும் பாதிச் சிலிண்டரில் அந்தக் கறுத்த பட்டையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். தள்ளி நின்று பார்த்தால் அம்மைத் தழும்பு போலத்தான் தெரியும். ஒரு ஊக்கின் முனையை அந்தப் புள்ளிகளில் வைத்து இறக்கினால் சிலவற்றில் சட்டென்று நின்றுவிடும். ஒன்றில் மட்டும் ஊக்கு இறங்கிக்கொண்டே போகும். நான்கு மில்லிமீட்டர் சுவரில் அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றரை மில்லிமீட்டர். 170 பார் அழுத்தம் சுவரின் சராசரிக் கனத்தைப் பார்ப்பதில்லை, மெலிந்த இடத்தைத்தான் தேடும். அதனால்தான் சோதிப்பவர்கள் பரவலான செந்துருவைப் பார்த்து அதிகம் பதறுவதில்லை. குழிகளைப் பார்த்தால், குறிப்பாக அவை வரிசையாகக் கோர்த்து நின்றால், அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

காற்றோடுதான் அதிகம் போகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை நீராவியைச் சுமக்கும். நம் கடற்கரையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 24 கிராம். ஒரு சிலிண்டருக்கு இரண்டு கன மீட்டர் காற்று வேண்டும்; ஆகவே ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றில் ஏறத்தாழ ஐம்பது கிராம் தண்ணீர் கூடவே வருகிறது. மூன்று மேசைக்கரண்டி. ஆனால் அழுத்தி அடைத்த பிறகு, அந்தப் 12 லிட்டர் இடத்தில் ஆவியாகவே நிற்கக்கூடியது அரைக் கிராம் அளவுதான். மீதி எல்லாம் தண்ணீராக மாறியே ஆக வேண்டும். ஈரத் துணியைப் பிழிவது போல, காற்றை அழுத்தினால் நீர் சொட்டும்.

அதனால்தான் மூச்சுக்காற்று அடிக்கும் கம்ப்ரசரில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் நீர் பிரிக்கும் குடுவை வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் உள்ள குழாயைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து, சேர்ந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பால் கலந்த தேநீர் போல எண்ணெயும் நீரும் கலந்து சீறிக்கொண்டு வரும். பெரும்பகுதி ஈரம் அங்கே போய்விடும். அதையும் தாண்டி வரும் ஈரத்தை, கடைசியில் இருக்கும் வடிகட்டியிலுள்ள உறிஞ்சு மணிகள் பிடித்துக்கொள்ளும். அந்த மணிகளுக்கு ஓர் எல்லை உண்டு. நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எதையும் பிடிக்காது. காற்று ஈரத்தோடு சிலிண்டருக்குள் போகும். ஒரு முறைக்கு ஒரு கிராம் என்றாலும், ஒரு பருவத்தில் முப்பது முறை நிரப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வடிகட்டியை இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்று கம்ப்ரசர் கையேட்டில் போட்டிருக்கும் முதல் எண் பெரும்பாலும் 20 டிகிரி வெப்பநிலைக்கானது. 20 டிகிரியில் காற்று சுமக்கக்கூடிய ஈரம் கன மீட்டருக்கு 17 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். மூன்று மடங்கு. வள்ளியூரிலோ திசையன்விளையிலோ கோடையில் ஓடும் இயந்திரத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், மணிகள் பாதி வழியிலேயே நிறைந்துவிடும். கையேட்டின் பின்பக்கத்தில் வெப்பநிலைக்கு ஏற்பக் குறைக்கும் அட்டவணை இருக்கும்; அதைப் பார்க்க வேண்டும். சிலிண்டரை எங்கே நிரப்பினாலும், வடிகட்டி எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்காக வைத்திருப்பவர் தேதி எழுதிய நோட்டை எடுத்துக் காட்டுவார், கோபப்பட மாட்டார். ஐரோப்பியத் தரம் 200 பார் வரையிலான மூச்சுக்காற்றில் கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் ஈரத்துக்கு மேல் ஏற்பதில்லை. நம் இரண்டு கன மீட்டருக்கு அது நூறு மில்லிகிராம், அதாவது இரண்டு மூன்று சொட்டு. அந்த அளவு ஆவியாகவே நிற்கும். சுவரில் நீராகப் படியாது.

அடுத்த வழி வால்வின் வாய். கடலிலிருந்து ஏறியதும், வால்வு வாயில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும். துடைக்காமல் நிரப்பும் குழாயை மாட்டினால், வரும் காற்று அதை நேராக உள்ளே தள்ளிவிடும். இதற்கு மருந்து ஒரு நொடி வேலை. குழாயை மாட்டுமுன் வால்வைச் சற்றே திறந்து மூடினால் ‘புஸ்’ என்று நீர் வெளியே போய்விடும். நிரப்பும் குழாயையும் அதேபோல ஊதிவிட வேண்டும். சில இடங்களில் சூடு ஏறாமல் இருக்கச் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி நிரப்புவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மாட்டும்போதும் கழற்றும்போதும் வாயில் நீர் படாமல் இருக்கவே இருக்காது. உலர்ந்த இடத்தில் நிறுத்தி, அவசரப்படாமல் மெதுவாக நிரப்பினாலே சூடு கட்டுக்குள் இருக்கும்.

மூன்றாவது வழிதான் உவரித் தாத்தாவின் சிலிண்டரைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். காற்றைக் கடைசி மூச்சு வரை இழுத்துத் தீர்ப்பது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை காற்று வெளியே வரத்தான் பார்க்கும். நீர் உள்ளே நுழைய முடியாது. அழுத்தம் தீர்ந்ததும் அந்தக் காவல் போய்விடும். காலியான சிலிண்டரின் வால்வைத் திறந்தபடியே விட்டுப் படகில் வெயிலில் போடுகிறோம். உள்ளே மிஞ்சிய காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது. கரைக்கு வந்ததும் கழுவுவதற்காகத் தொட்டியில் முக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே டம்ளரைக் கவிழ்த்துப் பள்ளிக்கூடத்தில் காட்டுவார்களே, சுடர் அணைந்ததும் டம்ளருக்குள் தண்ணீர் ஏறும், அதே கதை. தண்ணீரில் முக்காவிட்டாலும், திறந்த வால்வு வழியாகப் பகலில் வெளியே விடும் மூச்சை இரவில் உள்ளே இழுக்கும் சிலிண்டர். கடற்கரை வீட்டில் இரவுக் காற்று உப்பும் ஈரமுமாகத்தான் இருக்கும். ஆகவே எந்த முக்குளிப்பையும் 30, 40 பார் மிச்சம் வைத்து முடியுங்கள். ஏறியதும் வால்வை மூடுங்கள்.

பழைய சிலிண்டர்களில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. அக்காலத்தில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அழுத்தமானி எல்லாரிடமும் இல்லை. மூச்சு இழுக்கக் கடினமானதும் பக்கத்துக் கம்பியை இழுத்து, ஒதுக்கி வைத்த காற்றைத் திறந்துவிடும் வால்வுதான் இருந்தது. கம்பி எங்காவது தட்டுப்பட்டு முன்பே இறங்கியிருந்தால், ஒதுக்குக் காற்று இருப்பதாக நம்பியவர் முழுவதையும் காலி செய்துவிடுவார். அந்த வால்வு இப்போதும் உங்கள் சிலிண்டரில் இருந்தால் அதை நம்பாமல், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டரோடு அழுத்தமானி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வழியைச் சொன்னால் பலர் வியப்பார்கள்: பாதுகாப்புச் சோதனை. சிலிண்டருக்குள் தண்ணீர் நிரப்பி, பயன்படும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை எடுத்ததும் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளப்பார்கள். 3ஏஏ வகைக்குச் சோதனை அழுத்தம் பயன்பாட்டு அழுத்தத்தைப் போல 5/3 மடங்கு, அதாவது ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. மொத்த விரிவில் பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் தங்கிவிட்டால் அந்தச் சிலிண்டர் தள்ளுபடி. அவசியமான சோதனை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முடிந்ததும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அப்படியே வால்வை மாட்டிக் கொடுத்துவிட்டால், அன்று மாலையே துரு தொடங்கிவிடும். ஒரு முறை ஓரிடத்திலிருந்து சோதனை முடிந்து வந்த சிலிண்டரை அன்றே திறந்தேன். உள்சுவர் முழுக்க நீர்முத்துக்கள் கோர்த்து நின்றன, சில இடங்களில் மஞ்சள் கறை தொடங்கியிருந்தது. சோதனைக்குக் கொடுக்கும்போதே, உள்ளே வெந்நீரால் அலசி, எண்ணெய் கலவாத உலர்ந்த சூடான காற்றை ஊதிக் காயவைத்துத் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அலசுவது பற்றி ஒரு எச்சரிக்கை. கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சிலிண்டருக்குள் ஊற்றாதீர்கள். உவரியிலும் மணப்பாட்டிலும் குடித்துப் பார்த்தாலே கரிப்பு தெரியும் கிணறுகள் உண்டு. நாக்குக்குத் தெரியாத உப்பும் எஃகுக்குத் தெரியும். வெளியே கழுவத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் நல்லது. உள்ளே கடைசியாக அலசுவதற்கு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைச் சூடாக்கிப் பயன்படுத்துவதுதான் என் வழக்கம். சூடான எஃகு தானே விரைவாகக் காயும் என்பதால் சூடு முக்கியம். ஈரமான பளிச் எஃகின் மேல் சில நிமிடங்களிலேயே மஞ்சள் துரு படியும். ஆறவிட்டுப் பிறகு காயவைக்கலாம் என்று தேநீர் குடிக்கப் போய்விடக் கூடாது.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒருவராவது கேட்பார்கள்: “இரும்பு அல்லவா, கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் என்ன?” நம் வீட்டு அரிவாளுக்கும் தோசைக்கல்லுக்கும் அது சரி. சிலிண்டருக்குள் ஒரு துளி எண்ணெய்கூடக் கூடாது. அதிக அழுத்தத்தில் செறிந்த ஆக்சிஜனோடு எண்ணெய் தீப்பற்றக்கூடும். பற்றாவிட்டாலும் அதன் ஆவி உங்கள் நுரையீரலுக்குள்தான் போகும். பெயிண்டும் அப்படியே. 1960களில் சில தயாரிப்பாளர்கள் உட்புறத்தில் எபாக்சி என்ற பிசின் பூச்சு பூசி விற்றார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பூச்சில் எங்காவது ஒரு சிறு விரிசல் விழுந்தால் ஈரம் அதன் வழியாக அடியில் புகுந்து, பூச்சுக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் தெரியாமல் எஃகைத் தின்றது. மேலே பார்த்தால் வழவழவென்று இருக்கும். உங்கள் பழைய சிலிண்டருக்குள் நிறப் பூச்சு தெரிந்தால், அதை முழுவதும் அகற்றிப் பார்க்காமல் நல்லது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

வைக்கும் முறைக்கு வருவோம். நிற்கவைக்க வேண்டும், விழாதபடி சுவரோடு சங்கிலியில் கட்டி நிற்கவைக்க வேண்டும். சிலிண்டரின் அடிப்பாகத்துச் சுவர் பக்கச் சுவரைவிடக் கனமானது. உள்ளே தப்பித் தவறி ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்தாலும், நின்ற நிலையில் அது கனமான இடத்தில் சேரும். படுக்கவைத்தால் மெல்லிய பக்கச் சுவரில் நீளமாகப் படுத்துக்கொள்ளும். உவரிச் சிலிண்டரின் நான்கு விரல் பட்டை அப்படி வந்ததுதான். பழைய எஃகுச் சிலிண்டர்களின் அடி உருண்டையாக இருக்கும் என்பதால் ரப்பர் செருப்பு மாட்டியிருப்பார்கள். அதற்குள் கடல்நீர் தேங்கி வெளிப்பக்கத்தை அரிக்கும். அதைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துத்தான் மீண்டும் மாட்ட வேண்டும்.

மாதக்கணக்கில் சும்மா நிற்கப்போகிறது என்றால் எவ்வளவு காற்றோடு வைப்பது? பத்து இருபது பார் உலர்ந்த காற்றோடு என்பதுதான் என் முடிவு. வெளிக்காற்று நுழையாது, ஆக்சிஜன் அழுத்தமும் குறைவு, துருவுக்குத் தீனி குறைவு. ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. துரு இரும்பைத் தின்னும்போது உங்கள் மூச்சுக்காற்றிலிருந்து ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் பத்து பார் காற்று இருந்தால் அதில் ஆக்சிஜன் 25 லிட்டர் அளவு. உள்ளே 30 கிராம் இரும்பு துருவாக மாறினாலே காற்றிலுள்ள ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 30 கிராம் என்பதை உள்சுவர் முழுக்கப் பரப்பினால் தலைமுடிப் பருமனில் ஆறில் ஒரு பங்குகூட வராது. பல்பு விட்டுப் பார்த்தால் ‘லேசான துரு’ என்றுதான் சொல்வோம். அந்தக் காற்றுக்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சு முட்டும் உணர்வும் வராது. தலை கிறுகிறுக்கும், பிறகு நினைவு தப்பும். ஆக்சிஜன் இழந்த பழைய எஃகுச் சிலிண்டர்களில் மூச்சு விட்டு முக்குளிப்பவர்கள் இறந்தது பதிவாகியிருக்கிறது. நெடுநாள் நின்ற சிலிண்டரில் இருக்கும் காற்று எவ்வளவானாலும் முழுவதையும் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சும்மா ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்போம் என்று வாயில் வைக்காதீர்கள்.

உள்ளே ஈரம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே சொல்லும் சில அடையாளங்கள் உண்டு. தட்டினால் ஓசை மங்குவது ஒன்று. மெதுவாகச் சாய்த்தால் உள்ளே நீர் சலசலப்பதோ பொருக்கு உரசுவதோ கேட்கலாம். ரெகுலேட்டர் வால்வில் பொருந்தும் இடத்தில் சிறு உலோக வடிகட்டி ஒன்று இருக்கும். அது செம்பழுப்பாக மாறியிருந்தால் சிலிண்டரின் துருத்தூள் வந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் கடல்நீர் ரெகுலேட்டருக்குள் போய்ப் பித்தளையைக் களிம்பேற்றியிருக்கிறது. கவிழ்த்துப் பிடித்து வெள்ளைத் துணியில் வால்வைத் திறந்து பார்ப்பவர்களும் உண்டு. துணி நனைந்தால் விஷயம் தெளிவு. நனையாவிட்டால் நிம்மதி அடைய வேண்டாம்: வால்வின் அடியிலிருந்து ஒரு சிறு குழாய் சிலிண்டருக்குள் விரலளவு நீண்டிருக்கும், முக்குளிப்பவர் தலைகீழாகும்போது துருவும் நீரும் வால்வுக்குள் வராமலிருக்க வைத்தது. அந்தக் குழாய் உயரத்துக்குக் கீழே தேங்கும் நீர் வெளியே வராது.

அதே குழாய் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். துருப் பொருக்கு அதை அடைத்துக்கொண்டால், வால்வை முழுதாகத் திறந்தாலும் சத்தமே வராது. காலி என்று நினைத்து ஸ்பேனரை எடுத்து வால்வைக் கழற்றத் தொடங்கினால், உள்ளே இருக்கும் அழுத்தம் வால்வைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும். பழைய சிலிண்டரின் வால்வை வீட்டில் கழற்றாதீர்கள். இது ஒன்றில் மட்டும் என்னிடம் யாரும் விலக்குக் கேட்க வேண்டாம்.

லேசான துரு என்றால் சிலிண்டரை மீட்க முடியும். பாதியளவுக்கு அலுமினா அல்லது பீங்கான் சில்லுகளைப் போட்டு, உருளைகளின் மேல் படுக்கவைத்துப் பல மணி நேரம் உருட்டுவார்கள். சில்லுகள் உரசித் துருவைச் சுரண்டும். பிறகு அலசல், உடனே உலர்த்தல், மீண்டும் பல்பு விட்டுப் பார்வை, குழி இருந்தால் ஆழம் அளத்தல். அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். வெல்டிங் வைத்து அடைக்கிறேன் என்பவரிடம் பேசவே வேண்டாம். நம் நாட்டில் அழுத்தச் சிலிண்டர்கள் எல்லாம் 2016ஆம் ஆண்டு எரிவாயுச் சிலிண்டர் விதிகளுக்குக் கீழே வருகின்றன; நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அங்கீகரித்த நிலையத்தில்தான் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தாத்தா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சிலிண்டர் என்றால், அதை இங்கே நிரப்ப அனுமதி உண்டா என்பதையும் பணம் செலவழிக்கும் முன்பே அங்கே கேட்டுவிடுவது நல்லது. அழுத்தச் சோதனைகளுக்கு நடுவே, வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பதை விடக் கூடாது. கடல்நீர் உள்ளே போயிருக்கும் என்ற சந்தேகம் வந்தால் வருடம் முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொடுக்க வேண்டும். உப்புக்கு ஒரு வாரம் அதிகம்.

உவரித் தம்பி பிறகு ஒரு நல்ல எஃகுச் சிலிண்டர் வாங்கிக்கொண்டான், ஆவணங்களோடு. தாத்தாவின் வால்வைச் சுத்தம் செய்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறான். இந்த மாசியில் புதுச் சிலிண்டரை உள்பார்வைக்குக் கொண்டுவந்தான். காற்றைத் திறந்துவிட்டு வால்வைக் கழற்றி, பல்பை இறக்கினேன். அடிவரை ஒரே சாம்பல் நிறம், கொல்லன் தீட்டிய அரிவாள் போல. அவன் கண்ணை வாயருகே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அடியில் ஏதோ மினுங்குகிறதே, தண்ணீரா?” என்றான். பல்பைச் சற்று அசைத்துக் காட்டினேன். மினுக்கமும் கூடவே நகர்ந்தது. பல்பின் நிழலும் ஒளியும்தான்.